ஆவுடையம்மாள் கொட்டகையில் இறங்காத திரை

திரை இறங்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது, மற்றதெல்லாம் அதனால் வந்தது.

ஆவரங்குளம் ஊரில், ஆவுடையம்மாளின் தகரக் கொட்டகையில், ‘நாச்சியார் நீதி’ நாடகத்தின் கடைசிக் காட்சி. பஞ்சகாலத்தில் அரண்மனைக் களஞ்சியத்தைத் திறந்துவிட்ட குற்றத்துக்காகப் பெற்ற மகனையே வெட்டச் சொல்லிவிட்ட ராணி, அவன் பிணத்தை மடியில் போட்டு ஒப்பாரி வைத்து, ஊரே மூக்கைச் சிந்தி, ஆர்மோனியம் ஓய்ந்து, ராணி தலை கவிழ்ந்த பிறகு திரை இறங்க வேண்டும். இறங்கவில்லை. திரை இழுக்கும் அனஞ்சபெருமாள் கயிற்றை விட்டான். கயிறு வந்தது, திரை வரவில்லை. ஏணி போட்டு ஏறி இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினான். அவன் ஆடினான், திரை ஆடவில்லை. அரிவாளால் கயிற்றை அறுத்தான். கயிறு பாம்பு மாதிரிச் சுருண்டு கீழே விழுந்தது. திரை மேலேயே நின்றது. ஏன் என்று யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப் போகிறது.

ஆவுடையம்மாள் ராணி வேடத்தில் குனிந்த தலை நிமிராமல் காத்திருந்தாள். அவள் எழுந்திருக்க மாட்டாள். அது ஊருக்கே தெரியும்.

அவள் கதை அப்படி. பாவாடை கட்டுகிற வயதில் ஒரு நாடக வாத்தியாரின் கம்பெனியில் சேர்த்துவிட்டார்கள். தோழி, இளவரசி, ராணி என்று படிப்படியாக ஏறி, அவள் பெயரைச் சொன்னால் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு ஜனம் வருகிற அளவுக்கு வந்தபோது, ஒரு நாள் நாடகத்தின் நடுவில் அவள் தாயார் இறந்துபோன செய்தி வந்தது. வாத்தியார் இரக்கப்பட்டுத் திரையை இறக்கி, நாயகி வீட்டில் இழவு, நாடகம் இத்தோடு முடிந்தது என்று சொல்லிவிட்டார். ஜனம் நாற்காலியை உடைத்துப் பந்தலுக்குத் தீ வைத்துவிட்டது. கம்பெனி அன்றைக்கே கலைந்தது. தாய்க்குக் கொள்ளி வைத்த சாம்பல் ஆறும் முன்னே பழி ஆவுடையின் தலையில் வந்து உட்கார்ந்தது. பொம்பளையை வைத்து நாடகம் போட்டால் பாதியில்தான் நிற்கும், தீட்டு என்பாள், பிள்ளைப்பேறு என்பாள், இழவு என்பாள் என்று ஒவ்வொரு கம்பெனிக்காரனும் சொல்லிச் சொல்லியே கதவைச் சாத்தினான்.

சாத்தட்டும் என்று அவளே ஒரு கம்பெனி கட்டினாள். ராஜாவும் பெண், மந்திரியும் பெண், வெட்டுகிறவனும் பெண். வாத்தியம் வாசிக்கவும் கயிறு இழுக்கவும் மட்டும் ஆண்கள். சேருகிற ஒவ்வொருத்தியும் அரிதாரப் பெட்டியைத் தொட்டுச் சத்தியம் செய்ய வேண்டும்: திரை இறங்காமல் வேஷம் கலைக்க மாட்டேன், மேடையில் செத்தால் திரை இறங்காமல் எழுந்திருக்க மாட்டேன். மழை அடித்திருக்கிறது, கொட்டகைக்குள் காளை புகுந்திருக்கிறது, மந்திரி வேஷக்காரிக்குத் தேள் கொட்டியிருக்கிறது. ஒரு நாடகம்கூடப் பாதியில் நிற்கவில்லை. அந்தப் பெயர்தான் அவள் சொத்து. வேறு எதுவும் இல்லை.

மடியில் பிணமாகக் கிடந்தவள் வடிவு. ஆர்மோனியம் வாசிக்கும் பூதத்தானின் பெண்டாட்டி. மெல்லிய மீசை வரைந்து, மார்க்கவசம் கட்டி, இளவரசனாக நடந்து வந்தால் முன்வரிசைப் பெண்கள் முந்தானையைச் சரிசெய்துகொள்வார்கள். அன்றைக்கு அந்தக் கவசத்தின் வாரைக் கடைசித் துளையில் மாட்டியும் இறுக்கமாக இருந்தது. மாட்டிவிட்டது ஆவுடைதான். வடிவு ஒன்றும் சொல்லவில்லை. ஆவுடையும் ஒன்றும் கேட்கவில்லை. தெரிந்தால் வேஷத்தை வேறு ஆளுக்குக் கொடுக்க வேண்டிவரும், வேறு ஆள் இல்லை.

விடிந்தது. ஜனம் நெளிந்தது. வயலுக்குப் போக வேண்டும், மாடு கறக்க வேண்டும். ஆனால் மேடையில் ஒரு ராணி குனிந்த தலையோடு இருக்கும்போது எழுந்து போவது எப்படி என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பஞ்சாயத்துத் தலைவர் குற்றாலலிங்கம் துண்டை உதறி எழுந்து நின்றார். கோயில் கொடைக்குத் தெருவுக்கு ஒரு நாள் மண்டகப்படி இல்லையா, அதுபோல இதற்கும் வைத்துக்கொள்வோம், கொட்டகையில் ஆள் இல்லை என்கிற பேச்சே வரக்கூடாது என்றார். வடக்குத் தெரு முதல் நாள், வாகையடித் தெரு மறுநாள், பிறகு பீடித் தெரு, பிறகு தச்சர் தெரு. எல்லோருக்கும் அது பிடித்திருந்தது. ஆவுடைக்குக் கண் நிறைந்துவிட்டது. எந்த ஊர் எந்தப் பெண் கம்பெனிக்கு இப்படி ஒரு மரியாதை செய்தது? துடைத்தால் அரிதாரம் கலையும் என்று அப்படியே விட்டாள்.

அன்றிலிருந்து கொட்டகையில் ஆள் இல்லாத நேரம் என்று ஒன்று இருக்கவே இல்லை.

ராணி ஒப்பாரியை முடிப்பாள், திரை இறங்காது, மறுபடி தொடங்குவாள். பாட்டுத் தீர்ந்துபோய்ப் புதிதாகக் கட்டிப் பாடினாள். அதை ஊர்ப் பெண்கள் கேட்டுக் கேட்டு நாற்று நடும்போது பாடினார்கள். மதியமானால் அந்தந்தத் தெருக்காரர்கள் சோறு கொண்டுவருவார்கள். ராணிக்கும் காவலர்களுக்கும் அரண்மனை விருந்து என்று இலை போடுவார்கள், பிணத்துக்கு வாய்க்கரிசி என்று போடுவார்கள், வழக்கமான வாய்க்கரிசியைவிடக் கொஞ்சம் கூடுதலாக, ரசம் ஊற்றிப் பிசைந்து, வரிசையில் நின்று, ஒவ்வொரு உருண்டைக்கும் ஒரு சொட்டுக் கண்ணீரோடு. காலையிலும் மாலையிலும் பிணத்தைப் பாடையில் தூக்கிக் கொட்டகைக்குப் பின்னால் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவார்கள். எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் பாடை போகும்போது ஆண்கள் துண்டைத் தோளிலிருந்து இறக்கி இடுப்பில் கட்டினார்கள். கல்யாணம் ஆன ஜோடிகள் கோயிலுக்குப் போய்விட்டு ராணியிடம் வந்து விழுந்து எழுந்தார்கள். வரப்புச் சண்டையை மேடைக்கு முன்னால் வைத்துத் தீர்த்தார்கள், இளவரசன் பிணத்தின்மேல் சத்தியம் பண்ணச் சொன்னால் பொய் சொல்ல வந்தவன் பின்வாங்கினான். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் மேடை வெளிச்சத்தில் படித்தார்கள். கேளிக்கை வரி அதிகாரி ஒருவர் வந்து, இதை ஒரு காட்சியாகக் கணக்கு வைப்பதா பல காட்சியாகவா என்று யோசித்து, அரை நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். கார் அறுப்பு முடிந்தது. அடுத்த போகத்துக்குப் பிசானம் நட்டார்கள்.

எல்லோரும் அழுதார்கள், ஒருத்தியைத் தவிர. தரை டிக்கெட்டில், மேடைப் பலகையின் விளிம்புக்கு நேர் கீழே, காலை நீட்டித் தட்டை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டே நாடகம் பார்க்கிற ஒருத்தி உண்டு. கொட்டகை திறந்த நாளிலிருந்து வருகிறாள். எந்தத் தெருவின் முறையானாலும் அவள் அங்கேதான் கிடப்பாள். வாய் ஓயாது.

“ஏ ராணி, பின்னால ரவிக்கை பிஞ்சிருக்கு. மொதல்ல அதத் தையி, அப்புறம் நாட்ட ஆளலாம்.”

ராஜசபையே சிரிக்கும். அவளை உள்ளே விடாதே என்று ஆவுடை அனஞ்சபெருமாளிடம் பலமுறை சொல்லிப் பார்த்தாள். அவன் தடுத்தால் அவனையும் சேர்த்துக் கேலி செய்துகொண்டு உள்ளே வந்துவிடுவாள். அவள் பெயர் என்னவென்று ஆவுடைக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை. பீடிக்காரி, அவ்வளவுதான்.

வடிவின் வயிறு மறைக்கிற அளவைத் தாண்டியது. பிணம் ஊதுகிறது என்று ஜனம் சொன்னது. நாள்பட்ட பிணம் ஊதத்தானே செய்யும். அதில் அவர்கள் குறை காணவில்லை, எவ்வளவு தத்ரூபம் என்று மெச்சினார்கள். பூதத்தான் ஆர்மோனியத்துக்குப் பின்னாலிருந்து நகர்ந்து வந்து, அக்கா அவளை விட்டுருங்க, நான் பிணமாப் படுத்துக்கிடுதேன் என்று கெஞ்சினான். செத்தது அவள், நீ படுத்தால் அது வேறு நாடகம் என்றாள் ஆவுடை. அவன் அவள் முகத்தையே பார்த்தான். அவள் முகத்தில் அரிதாரம்தான் இருந்தது. வெடித்து வெடித்து, மேலே மேலே பூசி, அடியில் என்ன இருக்கிறது என்று அவளுக்கே மறந்துபோயிருந்தது. ஒரு சொல் சொன்னால் போதும், எழுந்திரு என்று. அது அவளுக்குத் தெரியும். அந்த ஒரு சொல்லைச் சொன்னால் பழைய பேச்சு திரும்ப வரும், பொம்பளை கம்பெனி பாதியில் நின்றது என்று. அதுவும் தெரியும். தினமும் காலையில், இன்றைக்கு இறங்கிவிடும் என்று நினைத்துக்கொண்டாள். அப்படித்தான் நாள் போயிற்று.

குற்றாலலிங்கத்தின் சொந்த மண்டகப்படி அன்றைக்கு வலி வந்தது. கொட்டகை நிரம்பி, பக்கவாட்டுத் தட்டி வரைக்கும், பாடை போகிற வழி வரைக்கும் வெளியூர் ஜனம் நெருக்கியடித்து நின்றது. தலைவர் மாலை போட்டுக்கொண்டு முன்னால் நாற்காலியில் இருந்தார்.

வடிவு உதடு அசையாமல் சொன்னாள். பிணமாக இருந்து பழகியதில் அது அவளுக்குக் கைவந்திருந்தது.

“எக்கா. வலி வந்துட்டு.”

“பொறுத்துக்களா. இன்னைக்கு எறங்கிரும்.”

“நேத்தும் இதத்தான சொன்னிய.”

“அசையாத. பாக்காங்க.”

வடிவு அசையவில்லை. சத்தியம் செய்தவள். ஆவுடை ராணியின் சால்வையை எடுத்து அவள்மேல் விரித்து, இடையிடையே ஒப்பாரியைப் போட்டு, ஒப்பாரிக்குள்ளேயே மூச்சை இழு என்றாள், முக்கு என்றாள், என் கையைப் பிடி என்றாள். ஜனம் அதைப் புதிய அடிகள் என்று நினைத்துத் தலையை ஆட்டியது. வடிவு பிடித்த பிடியில் ஆவுடையின் கண்ணாடி வளையல்கள் நொறுங்கிக் கைக்குள் இறங்கின. சத்தம் வரவில்லை. ஒரு முனகல்கூட வரவில்லை. இளவரசனின் மீசை மட்டும் வியர்வையில் கரைந்து கன்னத்தில் ஓடியது. உச்சிப்பொழுது கழிந்தபோது சால்வைக்குள் ஒரு குழந்தை ஆவுடையின் கையில் வந்து விழுந்து அழுதது.

இறந்த இளவரசன் பிள்ளை பெற்றுவிட்டான் என்று கொட்டகை எழுந்து நின்று கைதட்டியது. நாச்சியாருக்கு வாரிசு வந்துவிட்டது, நீதி நின்றது, வம்சமும் நின்றது. தலைவர் கழுத்து மாலையைக் கழற்றி மேடையில் எறிந்தார்.

ஆவுடை குனிந்து, ஏளா, முடிஞ்சிட்டு, பொண்ணு என்றாள். உதடு அசையாமல் வருகிற பதிலும் இல்லை. மடியில் இருந்த தலை கனத்தது. இத்தனை காலம் மடியில் கிடந்த தலை. அதன் கனம் அவளுக்குத் தெரியும். இது வேறு கனம். சால்வைக்கு அடியிலிருந்து ரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் அவள் எழுந்தாள். கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து திரை இறங்காமல் எழுந்தது அந்த ஒரு தடவைதான்.

“மக்கா, புள்ள செத்துட்டா. யாராவது டாக்டரக் கூட்டிட்டு வாங்க.”

தெரியுமே, போன கார் அறுப்பிலேயே செத்தாச்சே என்று பின்வரிசையில் ஒருவர் பக்கத்திலிருந்த வெளியூர்க்காரருக்கு விளக்கினார். ஆவுடை, நாச்சியார் இல்லை நான், ஆவுடை என்றாள். ராணிக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று பெண்கள் விம்மினார்கள். ரத்தம் பட்ட முந்தானையாலேயே முகத்தை அழுத்தித் துடைத்தாள். மாதக்கணக்கில் ஏறியிருந்த அரிதாரம் சுண்ணாம்புக் காரை மாதிரிப் பெயர்ந்து விழ, அடியிலிருந்து வெளிறிச் சுருங்கிய ஒரு முகம் வெளியே வந்தது. இப்படி ஒரு வேஷம் உலகத்தில் எவளும் போட்டதில்லை என்று ஜனம் மறுபடி எழுந்து கைதட்டியது. பூதத்தான் ஆர்மோனியத்தைத் தள்ளிவிட்டு ஓடிவந்து பெண்டாட்டியின் காலைப் பிடித்துக் கத்தினான். அதற்கும் தட்டினார்கள். ஆவுடை நிமிர்ந்து திரையைப் பார்த்தாள். திரை அப்படியே நின்றது. வாழ்நாள் முழுக்கப் பிடித்திருந்த சத்தியத்தை விட்டாயிற்று, ஒன்றும் ஆகவில்லை. விடுவதற்கு அவள் கையில் இனி எதுவும் இல்லை. அந்த மேடையின் நடுவில், தட்டுகிற கைகளுக்கு முன்னால், ஆவுடையம்மாள் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள்.

மேடைப் பலகையின் இடுக்கு வழியாக ரத்தம் சொட்டியது. கீழே தட்டில் அடுக்கியிருந்த பீடி இலையில் விழுந்தது. பீடிக்காரி தலைக்கு மேல் பார்த்தாள். இலையைப் பார்த்தாள். விரலை வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

“சாயம் சுடுமா?” என்றாள், யாரிடம் என்றில்லாமல்.

எழுந்தாள். மேடைக்கு முதுகைக் காட்டி ஜனத்தைப் பார்த்து நின்றாள். கொட்டகை கட்டிய பிறகு தரையிலிருந்து அந்தப் பக்கம் திரும்பி நின்றவர் யாரும் இல்லை.

“பாத்தது போதும். எல்லாரும் வீட்டுக்குப் போங்க.”

உட்காரு, மறைக்கிறது என்று கத்தினார்கள். தலைவர், இது என் மண்டகப்படி, என் முறை முடியாமல் யாரும் எழுந்திருக்கக் கூடாது என்றார். அவள் அவர் முன்னால் போய் நின்றாள்.

“ஒம்ம வீட்டுப் பிள்ளைக்கு வலி வந்தாலும் நாக்காலி போட்டுத்தான் பாப்பீரோ?”

தலைவர் வாயைத் திறந்தார். அது தப்பு. அவள் தட்டிலிருந்த பீடித்தூளை இரண்டு கையாலும் அள்ளி அவர் முகத்தில் வீசினாள். அடுத்த அள்ளு இரண்டாம் வரிசைக்கு. தட்டு காலியானதும் பக்கத்தில் இருந்த பீடித் தெருப் பெண்களின் தட்டைப் பிடுங்கி வீசினாள். முதலில் என்னவென்று புரியாமல் விழித்த அந்தப் பெண்கள், அப்புறம் அவர்களும் எழுந்து வீசினார்கள். கொட்டகை முழுக்கத் தும்மல். கண் எரிந்து, மூக்கு ஒழுகி, துண்டால் முகத்தைப் பொத்தி, ஒருவர் காலை ஒருவர் மிதித்து, நாச்சியாரின் துக்கத்துக்கு அழுததைவிட அதிகமாக அழுதுகொண்டு ஆவரங்குளம் வெளியே ஓடியது. போக மறுத்தவர்களை அந்தப் பெண்கள் தட்டாலேயே சாத்தித் துரத்தினார்கள். கடைசியில் அந்தப் பெண்களும் போனார்கள்.

பீடிக்காரி மட்டும் மேடையில் ஏறினாள். ஆவுடையின் கையிலிருந்த குழந்தையை வாங்கி முந்தானையில் சுற்றினாள். வடிவின் கண்ணை மூடிவிட்டாள். இறங்கி, திரும்பிப் பார்க்காமல் நடந்து வாசலைத் தாண்டினாள்.

கொட்டகையில் பார்க்க ஆள் இல்லை.

திரை இறங்கியது. நேற்றும் முந்தாநாளும்கூட இறங்கியிருந்ததைப் போல, எப்போதும் இறங்குவது போல, தூசி கிளப்பிக்கொண்டு இறங்கித் தரையைத் தொட்டது.

வடிவைப் பூதத்தான் எரித்தான். வேஷம் கலைத்து, சேலை கட்டி, பூ வைத்து. இந்த முறை பாடைக்குப் பின்னால் நடக்க ஊரில் பாதிப் பேருக்கு முகம் இல்லை. மீதிப் பேர் நடந்தார்கள், அழவில்லை. அழுது தீர்ந்திருந்தது. கம்பெனி அன்றோடு கலைந்தது. கொட்டகையை உர மூட்டை அடுக்க வாடகைக்கு எடுத்தார்கள். ஆவுடையம்மாள் அரிதாரப் பெட்டியைக் குளத்தில் போட்டாள். பிறகு எந்த மேடையிலும் ஏறவில்லை.

திரை இறங்கிய பெருமைக்கு மட்டும் ஆள் குறைவில்லை. கோயில் அர்ச்சகர் தான் செய்த பூஜை என்றார். அனஞ்சபெருமாள் கயிற்றை அறுத்தது தாமதமாக வேலை செய்தது என்றான். குற்றாலலிங்கம், தலைவரின் பெருமுயற்சியால் என்று கல்லில் வெட்டிக் கொட்டகை வாசலில் நட்டு, அதற்கு ஒரு விழாவும் நடத்தினார். ஆவுடையம்மாளைக் கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை.

அவள் அன்றைக்குப் பீடித் தெருவுக்குப் போனாள். பூதத்தானும் அங்கேதான் ஒரு குச்சு வீடு எடுத்திருந்தான். குழந்தை அந்தத் தெருவில் பால் இருந்த பெண்களிடமெல்லாம் மாறி மாறிக் குடித்து வளர்ந்துகொண்டிருந்தது. பீடிக்காரி வாசலில் இலை நறுக்கிக்கொண்டிருந்தாள். ஆவுடை வெகுநேரம் நின்றாள். யாரும் உட்காரச் சொல்லவில்லை.

“ஒம் பேரு என்ன?” என்றாள் ஆவுடை.

“இத்தன வருசமா எம் மொகத்துக்கு நேரதான் நடிச்ச. இப்பந்தான் கேக்கணும்னு தோணுச்சா?”

ஆவுடை தலை குனிந்தாள். பீடிக்காரி தன் பெயரை மெதுவாகத்தான் சொன்னாள், இலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அதற்குப் பிறகு பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள், நாடகக்காரர்கள் வந்தார்கள், பழைய கதையைச் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். தன் நடிப்பைப் பற்றியும் கம்பெனியைப் பற்றியும் ஆவுடை வாயே திறக்கவில்லை. வடிவைக் கொன்றது நான் என்பாள். அதை அவர்கள் எழுதிக்கொள்ளத் தயங்குவார்கள். சரி, அந்தத் திரையை இறக்கியது யார் என்று கேட்டால் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து, வாசல் கல்லில் வெட்டியிருக்கிற பெயர் பொய் என்று சொல்லி, கடைசி வரிசைக்கும் கேட்கிற அந்தப் பழைய குரலில் சொல்லுவாள்: முப்புடாதி.